கார்த்திகை நட்சத்திரத்தைச் சூழ்ந்த நீலத் தூசி

கார்த்திகை தீபத்தன்று முழுநிலவுக்குப் பக்கத்திலேயே கார்த்திகை என்கிற அறுமீன் கூட்டம் நிற்கும். அன்று அதைப் படம் எடுப்பது வீண். நிலவு தேய்ந்து அமாவாசை நெருங்கியதும், விளக்கில்லாத ஊருக்குக் கேமராவோடு போக வேண்டும். சுமார் 440 ஒளியாண்டு தொலைவிலுள்ள அந்த நட்சத்திரங்களைச் சுற்றி, கோதிவிட்ட பஞ்சு போல நீல இழைகள் பதியும். அத்தனையும் புகைத்துகள் அளவுக்குப் பொடியான தூசி.

இந்தத் தூசி தானாக ஒளிர்வதில்லை. நட்சத்திர வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது, அவ்வளவுதான். சிவப்பைவிட நீலம் அதிகமாகச் சிதறுவதால் அந்த நிறம். 1912-இல் அரிசோனாவின் லோவெல் ஆய்வகத்தில் வானியலாளர் வெஸ்டோ ஸ்லைஃபர், இந்தக் கூட்டத்திலுள்ள மெரோப்பி என்ற நட்சத்திரத்தை ஒட்டிய மங்கல் ஒளியை நிறமாலையாக, அதாவது நிறம் நிறமாக, பிரித்துப் பார்த்தார். நட்சத்திரத்தின் நிறமாலையே அப்படியே வந்தது. ஒளிரும் வாயுவாக இருந்தால் தனித்தனிக் கோடுகள்தான் வந்திருக்கும்.

படம் எடுப்பவருக்குச் சிக்கலும் இதில்தான் இருக்கிறது. ஓரியன் நெபுலா போன்ற வாயு மேகங்களின் ஒளி சில அலைநீளங்களில் குவிந்திருக்கும். ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் சிவப்பை மட்டும் விடும் ஃபில்டரைப் போட்டு, நகரத்து மொட்டை மாடியிலிருந்தே எடுத்துவிடலாம். தூசியிடம் அது பலிக்காது. அதில் எல்லா நிறமும் கலந்திருப்பதால், நகர வெளிச்சத்தோடு அதுவும் வடிகட்டப்பட்டுவிடும். நகர வானம் 40 மடங்கு வெளிச்சமாக இருந்தால், இருட்டில் 1 மணி நேரத்தில் கிடைக்கும் தெளிவுக்கு அங்கே ஏறக்குறைய 40 மணி நேரம் ஆகும். ஃபில்டருக்கு வைத்திருக்கும் காசைப் பயணத்துக்குச் செலவழியுங்கள் என்றுதான் சொல்வேன்.

சரி, இருட்டுக்கு வந்தாயிற்று. வானத்தின் சுழற்சிக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் ட்ராக்கரில் மாட்டி, 2 நிமிடப் படம் ஒன்று எடுத்தால் திரையில் பெரிதாக எதுவும் இருக்காது. சாம்பல் பின்னணி, பொடிப் பொடியாக நாய்ஸ் எனும் இரைச்சல் புள்ளிகள், மெரோப்பி பக்கத்தில் கண்ணாடியில் விரல் பட்டது போல ஒரு மங்கல். இப்படி 100 படங்கள் எடுத்து, நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி காண வேண்டும். தூசி எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும். நாய்ஸ் படத்துக்குப் படம் மாறும். அதனால் நாய்ஸ் பத்தில் ஒரு பங்காகக் குறையும். அப்புறம் மென்பொருளில் மங்கலான பகுதிகளை மட்டும் வெளிச்சமாக்கினால் இழை இழையாக எழுந்து வரும்.

இன்னும் சில இரவுகள் சேர்த்தால், நட்சத்திரங்களை விட்டு வெகுதூரம் தள்ளியும் பழுப்பாக மேகம் நீள்வது தெரியும். இது அந்த நட்சத்திரங்கள் பிறந்த மேகத்தின் மிச்சம் அல்ல. வழியில் எதிர்ப்பட்ட வேறொரு மேகத்துக்குள் அறுமீன் கூட்டம் இப்போது புகுந்து போய்க்கொண்டிருக்கிறது.