மெத்தென்ற சீட் உங்கள் முதுகைக் காப்பாற்றாது

"சீட்டை அழுத்திப் பார்த்தேன் டாக்டர், பஞ்சு மாதிரி இருந்தது. அதனால்தான் இந்த வண்டியையே எடுத்தேன்." இடுப்பைப் பிடித்தபடி என் எதிரில் உட்காருபவர்கள் சொல்லும் இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. போன வாரமும் ஒருவர் வந்தார். தினமும் வேலைக்குப் போக வர, வார இறுதியில் மனைவியோடு நூறு நூற்றைம்பது கிமீ போய்வர என்று ஆசையாக வாங்கிய ஸ்கூட்டர். சில மாதங்களில் வால் எலும்பில் வலி, அப்புறம் தொடையின் பின்பக்கம் ஒரு இழுப்பு. அதற்கு அவர் செய்துகொண்ட வைத்தியம், ஏற்கெனவே மெத்தென்று இருந்த சீட்டின் மேல் இன்னொரு மெத்தை. வலி கூடித்தான் போயிருக்கிறது.

நான் பிசியோதெரபிஸ்ட். எந்த வண்டியையும் விற்கிறவன் அல்ல, எந்த வண்டியையும் வாங்காதே என்று சொல்கிறவனும் அல்ல. 125 சிசியிலிருந்து 350 சிசி வரையிலான நடுத்தர ஸ்கூட்டர்கள் நல்ல வண்டிகள்தான். கியர் மாற்றும் வேலை இல்லை, சாமான் வைக்க இடம் இருக்கிறது, முழங்காலுக்கு முன்னால் ஒரு மறைப்பு இருக்கிறது. ஆனால் ஷோரூமில் கட்டைவிரலால் சீட்டை அழுத்திப் பார்த்து வசதியை முடிவு செய்யும் பழக்கம் மட்டும் நிற்க வேண்டும்.

அந்த மெத்தை விஷயத்தை முதலில் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். உட்காரும்போது நம் எடை இறங்க வேண்டிய இடம், புட்டத்துக்கு அடியில் இடமும் வலமுமாக இருக்கும் இரண்டு எலும்பு முனைகள். அவை எடை தாங்குவதற்கென்றே தடித்து அமைந்தவை. சீட் ஓரளவு உறுதியாக இருந்தால் எடை அங்கே நிற்கும். சீட் ரொம்ப மெத்தென்று இருந்தால் அந்த முனைகள் அமிழ்ந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் உள்ள சதை, நரம்பு, வால் எலும்பு எல்லாம் எடை வாங்க ஆரம்பிக்கும். முதல் ஐந்து நிமிடம் இது சுகமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அழுத்தம் எங்கும் பரவியிருக்கிறது. ஷோரூமில் நீங்கள் உட்காருவதும் அந்த ஐந்து நிமிடம்தான். அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். மலிவான ஃபோம் தட்டையாக நசுங்கி, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு எலும்பில் முட்டும்.

அதோடு முடிவதில்லை. அமிழும் சீட்டில் இடுப்பெலும்பு நிலையாக நிற்காது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் இப்படியும் அப்படியும் ஆடும். அதைப் பிடித்து நிறுத்துகிற வேலை கீழ் முதுகின் தசைகளுக்கு. சும்மா உட்கார்ந்துதானே வந்தேன், ஏன் இவ்வளவு அசதி என்று கேட்கிறீர்களே, அந்த அசதியில் பெரும்பங்கு இதுதான்.

இன்னொன்றும் உண்டு. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பின் முதுகுத்தண்டு, வினாடிக்கு ஏறக்குறைய 4 முதல் 8 முறை மேலும் கீழும் வரும் அதிர்வை அதிகம் வாங்கிக்கொள்ளும் என்பது உடல் அதிர்வு ஆராய்ச்சியில் நன்கு நிறுவப்பட்ட விஷயம். சாதாரண ஃபோம் இந்த வரம்பின் கீழ்ப்பகுதியில் குலுக்கலைக் குறைப்பதற்குப் பதில் கூட்டிவிடுவதும் உண்டு. பொடிப்பொடியாக வரும் அதிர்வை மெத்தை தடுக்கும். முதுகை உடைக்கும் பெரிய குலுக்கலைத் தடுக்க வேண்டியது ஷாக் அப்சார்பரும் டயரும்தான். மேலே எத்தனை மெத்தை போட்டாலும் அந்த வேலை நடக்காது. நல்ல சீட் முதல் நாள் கொஞ்சம் கெட்டியாகத்தான் தெரியும். அதற்குப் பயந்து ஓடாதீர்கள்.

"பைக்கில் இப்படி வலித்ததில்லையே" என்று கேட்பவர்களும் உண்டு. வலிக்காது. பைக்கில் கால் உடம்புக்கு அடியில் இருக்கிறது, பள்ளம் வரும்போது நம்மை அறியாமலே காலில் எடையைக் கொடுத்து லேசாக எழும்பிவிடுகிறோம். ஸ்கூட்டரில் கால் முன்னால் இருக்கிறது. எழும்ப வழியில்லை. பள்ளத்தின் அடி சீட் வழியாக நேரே முதுகுத்தண்டுக்கு வருகிறது. போதாததற்குப் பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இன்ஜினும் பின்சக்கரமும் ஒரே கூட்டாகச் சேர்ந்து மேலும் கீழும் ஆடுகின்றன. அவ்வளவு எடையை ஒன்றிரண்டு சின்ன ஷாக் அப்சார்பர்கள் அடக்க வேண்டியிருக்கிறது. எனவே முன்பக்கம் மென்மையாக இருக்கும் வண்டியிலும் பின்பக்கம் உதைக்கும். இன்ஜினைச் சட்டத்தோடு பொருத்தி இதைத் தவிர்த்த யமஹா டிமேக்ஸ் போன்றவை விலையிலும் எடையிலும் வேறு வகுப்பு.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது சக்கரம். 10 அங்குலச் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி ஏறும், 14 அங்குலச் சக்கரம் அதே பள்ளத்தைப் பெரும்பாலும் தாண்டிவிடும். ஹோண்டா பிசிஎக்ஸ் 160-இல் முன்னால் 14, பின்னால் 13. யமஹா என்மேக்ஸில் இரண்டும் 13. யமஹா எக்ஸ்மேக்ஸ் 300-லும் ஹோண்டா ஃபோர்ஸா 350-லும் முன்னால் 15, பின்னால் 14. வெஸ்பா ஜிடிஎஸ்ஸில் இரண்டும் 12. ஹோண்டாவின் எஸ்எச் வரிசை 16 அங்குலம் வரை போகிறது. உங்கள் தினசரிப் பாதை மோசமான பாதை என்றால் வண்டியின் அழகை அப்புறம் பாருங்கள், இந்த எண்ணை முதலில் பாருங்கள்.

அடுத்தது கால் வைக்கும் இடம். என் அனுபவத்தில் முதுகு வலியின் பாதிக் கதை இங்கேதான் இருக்கிறது, ஆனால் வாங்கும்போது யாருமே இதைப் பார்ப்பதில்லை. சில வண்டிகளில் ஃபுட்போர்டு தட்டையாக இருக்கும். சிலவற்றில் முன்னால் சரிவாக ஏறி, காலை நீட்டி வைக்க இடம் இருக்கும். நீட்டி வைப்பது படத்தில் ராஜா மாதிரி தெரியும். தொடையின் பின்பக்கத் தசை இறுகியிருப்பவர்கள், அதாவது நாள் முழுக்க நாற்காலியில் வேலை செய்யும் பெரும்பாலோர், காலை நீட்டினால் அந்தத் தசை இடுப்பெலும்பைப் பின்னுக்கு இழுக்கும். கீழ் முதுகின் இயல்பான வளைவு போய்விடும். வளைவு போன முதுகு, அதன் மேல் ஸ்கூட்டரின் குலுக்கல். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு (டிஸ்க்) பிதுங்கிய நிலையில் என்னிடம் வருபவர்கள் பலர் இப்படி உட்கார்ந்து ஓட்டியவர்கள்தான். முழுவதும் தட்டையான ஃபுட்போர்டும் உயரமானவர்களுக்கு ஆகாது. முழங்கால் இடுப்பைவிட மேலே வந்துவிட்டால் அதே கூன் விழுகிறது. எனவே காலை மடக்கியும் வைக்கலாம், நீட்டியும் வைக்கலாம் என்று இரண்டுக்கும் இடம் தரும் வண்டியைத் தேடுங்கள். நீண்ட பயணத்தில் நிலையை மாற்றிக்கொண்டே இருக்க முடிவதுதான் உண்மையான சொகுசு.

சீட்டில் ஓட்டுபவருக்குப் பின்னால் ஒரு மேடு வருமே, அதையும் கவனியுங்கள். அது கீழ் முதுகில் சரியாகப் பட்டால் நல்ல துணை. அது முன்னால் தள்ளி இருந்து உங்களை ஹேண்டிலை நோக்கித் தள்ளினால், அல்லது நீங்கள் பின்னால் சாயும்வரை எட்டவே இல்லை என்றால், அந்த வண்டி உங்கள் அளவுக்குத் தைத்த வண்டி அல்ல. சில வண்டிகளில் அந்தப் பகுதியை நகர்த்தலாம். இருக்கிறதா என்று கேளுங்கள்.

சீட் உயரத்தைப் பற்றிய கவலை மட்டும் எல்லோருக்கும் அளவுக்கு மீறி இருக்கிறது. இரண்டு உள்ளங்காலும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும் என்று நினைத்து, உயரமானவர்கள்கூடத் தாழ்வான வண்டியை எடுத்து முழங்காலை மடக்கிக்கொண்டு போகிறார்கள். இரண்டு முன்பாதங்களும் உறுதியாகத் தரையில் பட்டால் போதும். காகிதத்தில் இருக்கும் உயரத்தை மட்டும் நம்பவும் கூடாது. பிசிஎக்ஸ் 764 மிமீ, எக்ஸ்மேக்ஸ் 300 795 மிமீ என்று படித்து முடிவு செய்துவிட முடியாது. சீட்டின் முன்பகுதி அகலமாக இருந்தால் கால் இரண்டும் விரிந்து, குறைந்த உயரமும் எட்டாமல் போகும். ஷோரூமுக்கு வழக்கமாக ஓட்டும்போது போடும் காலணியோடு போய் உட்கார்ந்து பாருங்கள். செருப்போடு போகாதீர்கள்.

எடை. பிசிஎக்ஸ், என்மேக்ஸ் வகை வண்டிகள் 130 கிலோ அளவில் இருக்கும். 300, 350 சிசிக்குப் போனால் 185 கிலோவைத் தொடும். ஓடும்போது அந்த எடை நன்மைதான், வண்டி காற்றுக்கு அசையாது. ஆனால் தினமும் காலையில் நெருக்கமான இடத்திலிருந்து பின்னால் இழுத்துத் திருப்புவது நீங்கள்தான். உடம்பை முறுக்கி இழுத்து முதுகு பிடித்துக்கொண்டு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வண்டியின் பக்கத்தில் நின்று, இடுப்பை வண்டியோடு ஒட்டி, காலால் தள்ளுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போடும்போது கையால் தூக்காதீர்கள், ஸ்டாண்டின் மேல் உடம்பின் முழு எடையையும் வைத்து மிதியுங்கள், வண்டி தானாக ஏறும். ஏற்கெனவே வட்டுப் பிரச்சினை உள்ளவர்கள் பெரிய வண்டி வாங்கும் முன் நின்ற இடத்தில் ஒருமுறை தள்ளித் திருப்பிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள், தயவுசெய்து.

இன்ஜின் பற்றிச் சுருக்கமாக. நகரத்துக்கு 125 தாராளம். வார இறுதியில் இரண்டு பேர் நெடுஞ்சாலையில் போவதென்றால் 125 சிசி வண்டியின் ஆக்சிலரேட்டரை முழுதாக முறுக்கிப் பிடித்தே ஓட்ட வேண்டிவரும். அந்த மணிக்கட்டும் தோளும் அப்புறம் என்னிடம்தான் வரும். 150, 160 சிசி நடுவழி. வாராவாரம் நெடுஞ்சாலை என்றால் 300 பக்கம் பாருங்கள். எதுவானாலும் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இருக்கட்டும். அதில் விவாதமே வேண்டாம்.

விண்ட்ஷீல்டு உயரமாக இருந்தால் நல்லது என்பதும் எப்போதும் சரியல்ல. அதன் மேல் விளிம்பைத் தாண்டி வரும் கலங்கிய காற்று ஹெல்மெட்டில் மோதினால் தலை ஒரு மணி நேரம் இடைவிடாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். கழுத்து வலியோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். காற்று நெஞ்சில் சீராகப் படுவது, ஹெல்மெட்டில் கலங்கி மோதுவதைவிட எவ்வளவோ மேல். இதை ஷோரூமில் நின்று தெரிந்துகொள்ள வழியே கிடையாது.

எனவே ஓட்டிப் பாருங்கள். கட்டடத்தைச் சுற்றி ஒரு சுற்று வருவதை நான் சொல்லவில்லை. வாடகைக்கு எடுத்தோ, அதே வண்டி வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டோ, ஒரு மணி நேரமாவது, வேகத்தடையும் பள்ளமும் இருக்கும் பாதையில் ஓட்டுங்கள். பின்னால் உட்காரப்போகிறவரையும் அழைத்துப் போங்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். ஓட்டுபவருக்குத் தூக்கிப்போடுவதைவிடப் பின்சக்கரத்தின் நேர் மேலே உட்காருபவருக்கு அதிகம் தூக்கிப்போடும். பள்ளம் வருவதும் அவருக்கு முன்கூட்டித் தெரியாது. கால் வைக்கும் இடம் உயரமாக இருந்தால் ஒரு மணி நேரம் குந்தியபடி வருவார். "அவளுக்கு எப்போதுமே முதுகு வலிதான் டாக்டர்" என்று சொல்லும் கணவர்கள், வீட்டுக்குப் போனதும் அந்தப் பின்சீட்டில் ஒருமுறை உட்கார்ந்து வாருங்கள்.

வாங்கியாகிவிட்டது, இனி என்ன செய்வது என்கிறீர்களா? சரி. டயரில் காற்றை வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள், நிறுவனம் சொன்ன அளவே வையுங்கள். கூடுதலாக அடித்த டயர் கல் மாதிரி குதிக்கும். பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை இறுக்கித் தளர்த்தும் வசதி உங்கள் வண்டியில் இருந்தால், இரண்டு பேர் போகும் நாளில் அதை ஒரு படி இறுக்கச் சொல்லுங்கள், தனியாகப் போகும்போது தளர்த்துங்கள். வண்டியோடு வரும் கையேட்டில் இது எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. முதுகில் மாட்டும் பையைச் சீட்டுக்கு அடியில் போடுங்கள். பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுங்கள், அது ஒரு பக்க இடுப்பை மட்டும் தூக்கிவைக்கிறது. முக்கால் மணிக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி நடங்கள். சீட் உண்மையிலேயே ஒத்துவரவில்லை என்றால் மேலே மெத்தை போடாமல், சீட் தைப்பவரிடம் கொடுத்து அடர்த்தியான ஃபோம் வைத்து, மேற்பரப்பை அகலமாகவும் தட்டையாகவும் மாற்றச் சொல்லுங்கள்.

இரண்டு மூன்று நாள் ஓட்டாமல் இருந்தால் போய்விடுகிற வலி, இருக்கையையும் உட்காரும் விதத்தையும் சரிசெய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினால், பாதம் மரத்துப்போனால், கால் கட்டைவிரலைத் தூக்க முடியாமல் போனால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள். இரண்டு தொடைகளுக்கும் நடுவில் உணர்ச்சி குறைந்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லை என்று தோன்றினாலோ அன்றே, அந்த மணி நேரமே, அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே போகும்போது ஸ்கூட்டரில் போகாதீர்கள்.