ஹியூமெக்டன்ட் – ஈரமீர்ப்பி

'ஹைட்ரேட்டிங்' என்று போட்ட கிரீம், சீரம், டோனர் எதை எடுத்தாலும், பின்புறத்துப் பொடியெழுத்துப் பட்டியலில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும். கூடவே சோடியம் ஹயலூரோனேட், பேன்தெனால், சார்பிட்டால், யூரியா என்று வேறு சில பெயர்களும் வரலாம். வேதியியலில் இவை ஒரே குடும்பம் இல்லை. செய்யும் வேலை ஒன்று என்பதால் எல்லாவற்றையும் சேர்த்து ஹியூமெக்டன்ட் என்கிறார்கள். நீரைத் தன்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பொருள் என்பது இதன் பொருள்.

வேர் லத்தீன். 'ஊமேரே' என்றால் ஈரமாயிருத்தல். அதன் வழியில் பிறந்த 'ஊமெக்தாரே' என்றால் நனைத்தல். தொடக்கத்தில் நிற்கும் 'ஹ' இந்த வேருக்குச் சொந்தமில்லை. மண்ணைக் குறிக்கும் 'ஹுமுஸ்' என்ற சொல்லோடு உறவு இருப்பதாகத் தவறாக நினைத்ததால் வந்து ஒட்டிக்கொண்டது. காற்றின் ஈரத்தைச் சொல்லும் ஹியூமிடிட்டிக்கும் இதே வேர்தான். ஹியூமருக்கும் அதுவேதான். உடலில் ஓடும் நான்கு நீர்மங்களின் கலவையே ஒருவரின் மனப்போக்கைத் தீர்மானிக்கிறது என்று பழைய ஐரோப்பிய மருத்துவம் நம்பியது. அந்த நீர்மத்தின் பெயர்தான் சுற்றி வளைத்து நகைச்சுவைக்கு வந்து சேர்ந்தது.

லத்தீன் வேர் 'நனைத்தல்' என்றாலும், இந்தப் பொருள்கள் எதையும் நனைப்பதில்லை. கிளிசரின் மூலக்கூறில் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் உண்டு. அவை நீர் மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்ளும். பக்கத்தில் இருக்கும் நீர் எளிதில் ஆவியாகிப் போகாது. அவ்வளவுதான் வேலை. நம் தோலே இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. தோலின் மேலடுக்கில் இருக்கும் இறந்த செல்களுக்குள் அமினோ அமிலங்கள், லாக்டேட், யூரியா போன்றவை சேர்ந்திருக்கின்றன. இந்தத் தொகுதியை இயற்கை ஈரக்காரணி என்பார்கள். எல்லாமே நீரில் கரைபவை. ஆகவே சோப்புப் போட்டு அடிக்கடி கழுவினால் இதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு போய்விடும், தோல் இறுகி வெளுக்கும். கிரீமில் கிளிசரினும் யூரியாவும் சேர்ப்பது அந்த இழப்பை ஈடுகட்டத்தான்.

இந்தக் கூட்டத்தில் பழையவற்றில் ஒன்று கிளிசரின். 1779இல் ஷேலே என்ற வேதியியலாளர் ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்சைடோடு சேர்த்துச் சூடாக்கியபோது இனிப்பான ஒரு திரவம் கிடைத்தது. பிற்பாடு பிரான்சின் ஷெவ்ரோல், இனிப்பைக் குறிக்கும் 'கிளைகிஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் கிளிசரின் என்று பெயர் வைத்தார். ஹயலூரோனிக் அமிலம் 1934இல்தான் வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணின் உள்ளே இருக்கும் கூழ்மத்திலிருந்து அதைப் பிரித்தார்கள். கிரேக்கத்தில் 'ஹயலோஸ்' என்றால் கண்ணாடி. கண்ணாடிபோலத் தெளிந்த கூழில் கிடைத்ததாலும், யூரோனிக் அமிலக் கூறு உடையதாலும் இந்தப் பெயர். 'அமிலம்' என்றதும் தோலை உரிக்கும் என்று பயப்பட வேண்டாம், இது அந்த வகை இல்லை. பட்டியலில் சோடியம் ஹயலூரோனேட் என்று இருந்தால் அது இதன் உப்பு.

இரண்டையும் ஒப்பிட்டால் என் ஓட்டு கிளிசரினுக்குத்தான். சிறிய மூலக்கூறு என்பதால் மேலடுக்குக்குள் இறங்கும். முழு அளவிலான ஹயலூரோனிக் அமிலம் பிரம்மாண்டமானது; தோலின்மேல் மெல்லிய படலமாக உட்கார்ந்து, மென்மையான தொடுவுணர்வு தரும். சிறு துண்டுகளாக உடைத்ததைத்தான் 'ஹைட்ரோலைஸ்டு' என்று போடுகிறார்கள். தன் எடையைப்போல ஆயிரம் மடங்கு நீரைப் பிடிக்கும் என்ற விளம்பர வரியைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சீரம் குப்பியில் பெரும்பகுதி ஏற்கெனவே நீர். அமிலம் சில சதவீதம் ஏறினாலே கூழாகக் கெட்டியாகிவிடும், அதனால் குறைவாகத்தான் சேர்க்க முடியும். '2 சதவீதம்' என்று முகப்பில் எழுதியிருந்தால், எதில் 2 சதவீதம் என்று கேட்கலாம். 1 சதவீதக் கரைசலை எடுத்து அதில் 2 சதவீதம் கலந்தால், உள்ளே இருக்கும் அமிலம் 0.02 சதவீதம்தான்.

பட்டியலைப் படிக்க ஒரு வழி இருக்கிறது. ஐரோப்பிய விதிப்படி, சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதுக்கு வரிசையாக எழுத வேண்டும். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் போடலாம். வேறு பல நாடுகளிலும் இதே மாதிரிதான். பினாக்சிஎத்தனால் என்ற பதப்படுத்தியை ஐரோப்பாவில் 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. அதனால் அந்தப் பெயருக்குப் பின்னால் வருபவை எல்லாம் 1 சதவீதமோ அதற்கும் குறைவோ. முகப்பில் பெரிய எழுத்தில் மின்னும் பொருள் இந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது சகஜம்.

ஹியூமெக்டன்டோடு சேர்த்துக் குழப்பப்படும் சொற்கள் இரண்டு. எமோலியன்ட், 'மென்மை' என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. ஸ்குவாலேன், தாவர எண்ணெய்கள், சீட்டைல் ஆல்கஹால் போன்றவை செல்களின் இடைவெளியை நிரப்பிச் சொரசொரப்பைப் போக்கும். சீட்டைல் ஆல்கஹால் பெயரில்தான் ஆல்கஹால். உண்மையில் மெழுகுபோன்ற திடப்பொருள், தோலை உலர்த்தாது. அக்ளூசிவ் என்றால் அடைப்பது. பெட்ரோலேட்டம் (வாஸ்லின்), தேன்மெழுகு, லனோலின், டைமெதிக்கோன் ஆகியவை மேலே படலமாகப் படர்ந்து நீர் வெளியேறுவதைத் தடுக்கும். வறண்ட காற்றில் ஹியூமெக்டன்ட் மட்டும் பூசினால், பிடித்த நீர் நிற்காமல் போய்விடும். மேலே இப்படி ஓர் அடைப்பும் வேண்டும். நல்ல கிரீம்களில் மூன்றும் கலந்தே இருக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? மாய்ஸ்சரைசருக்கு 'ஈரப்பதமூட்டி' என்று எழுதுகிறோம். எனக்கு இது ஒப்பவில்லை. ஈரப்பதம் பெரும்பாலும் காற்றோடு சேர்ந்துவரும் சொல்; அறைக் காற்றை ஈரமாக்கும் கருவிக்கும் இதே பெயரைத்தான் வைத்திருக்கிறோம். அதோடு, வாஸ்லின் எந்த ஈரத்தையும் ஊட்டுவதில்லை, இருப்பதைக் காக்கிறது. எனவே மாய்ஸ்சரைசர் என்ற பொதுச்சொல்லுக்கு 'ஈரங்காப்பி' பொருந்தும். 'ஈரம் உறிஞ்சி' என்று ஹியூமெக்டன்டைச் சொல்லலாம்தான். ஆனால் பொருளை உலர வைக்கப் பெட்டிக்குள் போடும் சிலிக்கா ஜெல்லும் ஈரம் உறிஞ்சிதானே? தோலிலிருந்து ஈரத்தை எடுத்துவிடும் என்று படித்தவர் நினைத்துக்கொள்வார்.

நான் 'ஈரமீர்ப்பி' என்பேன். தமிழில் 'ஈர்' என்பதற்கு இழுத்தல் என்ற பொருள் இருப்பதோடு, ஈரமான என்ற பொருளும் உண்டு. குறளில் வரும் 'ஈர்ங்கை' நனைந்த கைதான். அப்புறம், எமோலியன்டுக்கு 'மென்மையாக்கி', அக்ளூசிவுக்கு 'ஈரத்தடை' போதும்.

யூரியாவுக்கு மட்டும் பெயரோடு எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 5 சதவீதம் அளவில் அது ஈரமீர்ப்பி. 20, 40 என்று ஏற ஏறத் தடித்த தோலைத் தளர்த்தி உரிக்கும் வேலைக்குப் போய்விடுகிறது. குதிகாலுக்கென்று விற்கும் 40 சதவீதக் கிரீமை முகத்துக்குப் பூசக் கூடாது.