இம்மர்ஷன்: மூழ்குதலா, தோய்தலா?

மழலையர் கல்வியைப் பற்றிய எழுத்துகளில் அண்மைக்காலமாக இரண்டு ஆங்கிலச் சொற்கள் இணைபிரியாமல் வருகின்றன. ஒன்று ‘இம்மர்ஷன்’, மற்றொன்று ‘நியூரோசயின்ஸ்’. சிறு வயதில் குழந்தையை ஆங்கிலச் சூழலுக்குள் முழுவதுமாக இருத்திவிட்டால் அம்மொழி தானாகவே படிந்துவிடும் என்பதும், அதை மூளை அறிவியலே மெய்ப்பித்துவிட்டது என்பதும் இவ்விணையின் வழியாகச் சொல்லப்படும் செய்தி. இதில் எவ்வளவு உண்மை என்று பார்ப்பதற்கு முன் சொற்களைப் பார்த்துவிடுவது நல்லது. ‘இம்மர்ஷன்’ என்பதற்குத் தமிழில் எந்த வினையைத் தேர்ந்துகொள்கிறோம் என்பதைப் பொறுத்தே வகுப்பறையைப் பற்றிய நம் எண்ணமும் அமைகிறது.

‘இம்மர்ஷன்’ இலத்தீன் வழி வந்தது. ‘மெர்கெரே’ என்றால் நீருக்குள் அமிழ்த்துதல். ‘உள்’ என்று பொருள்படும் முன்னொட்டு சேர்ந்து ‘இம்மெர்கெரே’ ஆயிற்று. அதே வேரில் ‘வெளியே’ என்னும் முன்னொட்டு சேர்ந்தால் நீரிலிருந்து தலைதூக்குதல் என்றாகும். நாம் அன்றாடம் புழங்கும் ‘எமர்ஜென்சி’ அங்கிருந்து பிறந்ததுதான். கிறித்தவத் திருமுழுக்கில் உடல் முழுவதும் நீருக்குள் செல்வதை இம்மர்ஷன் என்றார்கள். வானியலார், ஒரு விண்பொருள் இன்னொன்றின் பின்னாலோ நிழலுக்குள்ளோ சென்று மறைவதை அப்படிக் குறித்தார்கள். இரண்டிலும் உள்ளே போவது மட்டுமல்ல, மேலே தெரியாமல் போவதும் சேர்ந்தே இருக்கிறது. இந்தப் பழைய பொருள் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

கல்விக் கலைச்சொல்லாக இது நிலைபெற்ற கதை கனடாவில் தொடங்குகிறது. மாண்ட்ரியலை அடுத்த செயின்ட் லாம்பர்ட் என்னும் ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் தங்கள் குழந்தைகளுக்குப் பிரெஞ்சு உண்மையாகவே கைவர வேண்டும் என்று வற்புறுத்தியதன் விளைவாக, 1965-இல் ஒரு மழலையர் வகுப்பு முழுவதும் பிரெஞ்சிலேயே தொடங்கப்பட்டது. மாண்ட்ரியலிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட் அக்குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆய்ந்தார்; அந்த ஆய்வு 1972-இல் நூலாக வந்தது. பெற்றோர் ஆலோசனை கேட்டுச் சென்றவர்களில் இன்னொருவர் நரம்பு அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு. முதல் பத்து ஆண்டுகளில் மூளை புதிய மொழியை எளிதாக ஏற்கும் என்று அவர் ஏற்கெனவே எழுதிவந்தார். ஒன்றாகச் செயல்படும் நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்பு வலுப்பெறும் என்று 1949-இல் எழுதிய டொனால்டு ஹெப் பணியாற்றியதும் அதே மக்கில் உளவியல் துறைதான். ஆகவே இம்மர்ஷனையும் மூளை அறிவியலையும் யாரோ இப்போது புதிதாகச் சேர்த்துவைக்கவில்லை. அவை முதலிலிருந்தே ஒரே ஊர்க்காரர்கள்.

அவ்வகுப்பின் அமைப்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். அங்கே சேர்ந்தவர்கள் ஆங்கிலக் குழந்தைகள். வீட்டிலும் தெருவிலும் அவர்களுடைய மொழிக்கு எந்தக் குறையும் இல்லை. எல்லோரும் பிரெஞ்சு அறியாத நிலையில் ஒன்றாகத் தொடங்கினார்கள். குழந்தை ஆங்கிலத்தில் சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஆசிரியர் இருந்தார். இரண்டாம் வகுப்பிலிருந்து ஆங்கிலமும் தனிப் பாடமாக வந்தது. தொடக்கப்பள்ளி முடியும்போது ஆங்கிலத்தில் அவர்கள் மற்ற ஆங்கிலக் குழந்தைகளுக்குச் சமமாகவே நின்றார்கள். பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் நன்றாகத் தேறினார்கள். பேச்சிலும் எழுத்திலும் மட்டும் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குச் சற்றுப் பின்தங்கினார்கள். இந்தக் கடைசிச் செய்தியை விளம்பரங்கள் பெரும்பாலும் விட்டுவிடும். கனடாவின் மொழிக்கல்வி ஆய்வாளர் மெரில் ஸ்வெயின் 1985-இல் இதையே எடுத்துக்கொண்டு, காதில் விழுவது மட்டும் போதாது, குழந்தை தானே பேசிச் சொற்றொடரைக் கட்டிப் பார்க்கும் வாய்ப்பும் வேண்டும் என்று வாதிட்டார்.

‘ஆங்கில இம்மர்ஷன்’ என்று சொல்லும்போது நிலைமை பெரும்பாலும் தலைகீழாகிறது. ஆங்கிலம் ஏறுமுகத்தில் இருக்கும் மொழி. குழந்தையின் வீட்டு மொழியோ பள்ளி வாசலிலேயே நின்றுவிடுகிறது. வகுப்பில் சிலர் ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவர்கள், சிலர் ஒரு சொல்லும் அறியாதவர்கள். இத்தகைய நிலையைக் கல்வியாளர்கள் இம்மர்ஷன் என்பதில்லை, ‘சப்மர்ஷன்’ என்பார்கள். வேர் ஒன்றே, முன்னொட்டு மட்டும் ‘அடியில்’ என்று மாறுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974-இல் லாவ் வழக்கில், ஆங்கிலம் அறியாத சீனக் குழந்தைகளுக்கு மற்றவர்களுக்குத் தரும் அதே ஆசிரியரையும் அதே புத்தகத்தையும் தந்துவிட்டால் அது சமமாக நடத்துவதாகாது என்று தீர்ப்பளித்தது இந்தக் குறையைப் பற்றித்தான். ஒரு மொழியுடன் இன்னொன்று சேர்வதைக் ‘கூட்டும் இருமொழியம்’ என்றும், புதியது வந்து பழையதைத் தள்ளுவதைக் ‘கழிக்கும் இருமொழியம்’ என்றும் வேறுபடுத்தியவரும் அதே லாம்பர்ட்தான். ‘ஆங்கிலவழிக் கல்வி’ என்பதும் இம்மர்ஷனும் ஒன்றல்ல என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளலாம். முன்னது பாடம் எந்த மொழியில் நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. பின்னது மொழியே பாடமாகும்படி வகுப்பின் ஒவ்வொரு செயலையும் திட்டமிடுவது.

இனி இரண்டாவது சொல். ‘நியூரோ’ என்பதன் மூலமான கிரேக்க ‘நியூரோன்’ முதலில் குறித்தது தசைநாரையும் வில்லின் நாணையும் கயிற்றையும். தமிழில் ‘நரம்பு’ யாழின் தந்தியையும் குறித்தது, உடலின் நரம்பையும் குறித்தது. தொடர்பில்லாத இரு மொழிகள் இழுத்துக் கட்டிய ஒரு கயிற்றிலிருந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். ‘நரம்பியல்’ என்பது மருத்துவமனைத் துறையின் பெயராக வழங்கிவருவதால், நியூரோசயின்ஸை ‘நரம்பறிவியல்’ என்று பிரித்துச் சொல்வதே தெளிவு. 1960-களில்தான் ஆங்கிலத்திலேயே அச்சொல் பரவியது. அதற்கான அமெரிக்கச் சங்கம் 1969-இல் உருவானது.

நரம்பறிவியல் மழலைப் பருவத்தைப் பற்றி உறுதியாகச் சொல்பவற்றுள் முதன்மையானது, மூளை இணைப்புகளை முதலில் தேவைக்கு மேல் உண்டாக்கிவிட்டுப் பின்னர் பயன்படாதவற்றைக் கழிக்கிறது என்பது. ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயர் தோட்ட வேலையிலிருந்து எடுத்தது. தமிழிலும் தோட்டக்காரர் சொல் ஆயத்தமாக இருக்கிறது: கவாத்து. ‘நரம்பிணைப்புக் கவாத்து’ என்றால் விளக்கவுரை தேவையில்லை. பார்வை, கேட்டல் ஆகியவற்றுக்கான பகுதிகளில் இது முன்பே நடக்கிறது. திட்டமிடல், தன்னடக்கம் ஆகியவற்றுக்கான மூளையின் முன்புறப் பகுதியில் வளரிளம் பருவம் தாண்டியும் தொடர்கிறது. பட்டறிவுக்கு ஏற்ப மாறும் மூளையின் இயல்பை ‘நெகிழ்திறன்’ என்கிறோம். மூலக் கிரேக்கச் சொல்லின் பொருள் வனைதற்குரியது என்பதே. குயவர் கைமண்ணைப் போல், கொடுத்த உருவத்தைக் காப்பது. அந்த வகையில் ‘வனைதிறன்’ இன்னும் பொருத்தம். ஆனால் நெகிழ்திறன் வேரூன்றிவிட்டது, அதைப் பிடுங்க வேண்டியதில்லை.

மொழியொலிகளில் இந்தக் கவாத்தை ஒத்த ஒன்றை அருகிலிருந்து பார்க்கலாம். ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்டு டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலச் சூழலில் வளரும் கைக்குழந்தைகளுக்கு இந்தியின் இரண்டு ஒலிகளைக் கேட்பித்தார்கள். அவை நமக்கு நன்கு அறிமுகமான நாவளை ‘ட’வும் பல்லொலி ‘த’வும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வேறுபாட்டை அறிந்தன. பத்து, பன்னிரண்டு மாதத்தில் அத்திறன் பெரும்பாலும் மங்கிவிட்டது. தமிழ்க் குழந்தைக்கு இதே கதை மறுபக்கத்திலிருந்து நடக்கும். நம்மிடம் ஒரு ‘வ’ மட்டுமே இருப்பதால், ஆங்கிலத்தில் படரும் கொடியைக் குறிக்கும் ‘vine’, மதுவைக் குறிக்கும் ‘wine’ ஆகிய இரண்டும் ‘வைன்’ என்றே காதில் விழும்.

இதைத் தொடர்ந்து பட்ரீஷியா குல் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, மழலையர் வகுப்புக்கு இன்னும் நெருக்கமானது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுடன் சீன மொழி பேசுவோர் பன்னிரண்டு அமர்வுகள் நேரில் விளையாடிப் பேசியபோது அவை சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சைத் திரையிலோ ஒலிப்பதிவிலோ மட்டும் பெற்ற குழந்தைகள் எதையும் கற்கவில்லை. கண்ணைப் பார்த்து, கைப்பொருளைக் காட்டிப் பேசும் மனிதர் இல்லாமல் மொழிச்சூழல் என்பது அந்த வயதில் வெறும் ஓசையாகவே நின்றுவிடுகிறது.

இவ்விரண்டு ஆய்வுகளும் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பற்றியவை. மூன்று, நான்கு வயதில் பள்ளிக்கு வரும் குழந்தை ஏற்கெனவே ஒரு மொழியின் இலக்கணத்தைப் பெருமளவு கைக்கொண்டுவிட்டது. முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவி, ‘இப்போது விட்டால் கதவு அடைந்துவிடும்’ என்று பெற்றோரை அச்சுறுத்துவதற்கு ஆதாரம் இல்லை. ஒரு திறனை மூளை எளிதில் ஏற்கும் காலத்தைக் குறிக்கும் ‘கிரிட்டிகல் பீரியட்’ என்பதற்கு ‘வாய்ப்புச் சாளரம்’ என்றெல்லாம் எழுதுவதால் வரும் கோளாறு இது. சாளரம் ஒன்று திறந்திருக்கும், இல்லையேல் மூடியிருக்கும். பருவம் அப்படியன்று, மெல்ல வந்து மெல்லக் கழியும். ஆகவே ‘ஏற்புப் பருவம்’ என்பதே தகும். ஒலிக்கான ஏற்புப் பருவம் முன்பே சரியத் தொடங்குகிறது. இலக்கணத்துக்கானது, ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் இணைய வழியில் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வின்படி, ஏறத்தாழ பதினேழு வயது வரை நீள்கிறது. சொல்வளத்துக்கு அப்படி ஒரு வரம்பே இல்லை. பொருளாதாரக் கூட்டுறவு வளர்ச்சி அமைப்பு 2002-இலேயே இத்தகைய மிகைக்கூற்றுகளை ‘நியூரோமித்’ என்று பெயரிட்டுக் கண்டித்தது. ‘மூளைக் கட்டுக்கதை’ என்று சொன்னால் யாருக்கும் புரியும்.

ஒரு வகுப்பைக் கற்பனை செய்துகொள்வோம். ‘புட் யுவர் பேக் அவே’ என்கிறார் ஆசிரியர். நான்கு வயதுக் குழந்தை அவர் வாயைப் பார்ப்பதில்லை. பக்கத்துக் குழந்தையின் கையைப் பார்த்து, அரை நொடி பின்னால், தன் பையையும் மாட்டுகிறது. கட்டளை புரிந்துவிட்டது என்று ஆசிரியர் எண்ணக்கூடும். குழந்தை படித்ததோ சூழலை, மொழியை அல்ல. சற்று நேரத்தில் அவர் ஒரு குவளையைக் கவிழ்த்துக் காட்டி ‘எம்ப்டி’ என்கிறார். குழந்தை ‘காலி’ என்கிறது. இந்த இடத்தில் ‘யெஸ், எம்ப்டி’ என்று குவளையை அதன் கையில் கொடுப்பவர், ஏற்கெனவே உள்ள கருத்தின்மேல் புதிய சொல்லை ஏற்றுகிறார். ‘ஸ்பீக் இன் இங்கிலிஷ்’ என்பவர் அந்தக் கருத்தையே செல்லாததாக்குகிறார். இளங்குழந்தையின் செயல்நினைவு, அதாவது கேட்டதைச் சற்று நேரம் மனத்தில் வைத்துக் கையாளும் திறன், மிகச் சிறியது. ஒலியைப் பிரிக்கவே அது முழுவதும் செலவானால் பொருளுக்கு எதுவும் மிஞ்சாது. தொடர்ந்த அச்சமும் பதற்றமும் அதே செயல்நினைவைத்தான் தாக்குகின்றன. சில மாதங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது பல குழந்தைகளின் இயல்பு. அதை மந்தம் என்று எண்ணக் கூடாது. (‘காலி’யும் உருதுவிலிருந்து நம்மிடம் வந்து தங்கிய சொல்தான். மொழிகள் இப்படித்தான் சேர்கின்றன.)

இப்போது தமிழ் வினைகளுக்கு வருவோம். ‘மூழ்கு’ என்று சிலர் எழுதுகிறார்கள். கப்பல் மூழ்கும், கடனில் குடும்பம் மூழ்கும். மூழ்கியது மேலே வருமா என்ற கவலை அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘அமிழ்’ அதைவிடக் கனமானது. ‘ஆழ்’ சிந்தனைக்கும் பக்திக்கும் பொருந்தும், மூன்று வயதுக்குப் பொருந்தாது. ‘முங்கு’ சுவையான பேச்சு வழக்கு, ஆனால் நொடியில் முடிந்துவிடும் செயல். இலத்தீன் மூலத்திற்கு ‘மூழ்கு’ நேர் மொழிபெயர்ப்பு என்பதில் ஐயமில்லை. கலைச்சொல் குறிக்கும் செயலுக்கு நேரானது எது என்பதே கேள்வி.

‘தோய்’ இங்கே கைகொடுக்கிறது. நீராடுதல், நனைதல், கலத்தல், படிதல், உறைதல் என இதன் பொருள்கள் விரியும். பால் தோய்ந்து தயிராகிறது. கொல்லர் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் தோய்த்து உறுதியேற்றுகிறார். துணி சாயத்தில் தோய்கிறது. ஒரு துறையில் ஊறியவரைக் ‘கல்வியில் தோய்ந்தவர்’ என்கிறோம். திருக்குறளில் ‘இணர்எரி தோய்வன்ன’ என்று நெருப்போடும் இச்சொல் வருகிறது, ஆகவே இது எப்போதும் இதமான சொல் என்று வாதிட முடியாது. ஆயினும் தோய்தலுக்குப் பொழுது வேண்டும், அளவு வேண்டும், தோயும் பொருளும் காணாமல் போகாது. சாயத்தில் தோய்ந்த பின்னும் நூல் நூலாகவே இருக்கிறது. மீண்டும் மீண்டும் பட்டுப் படிதல் என்ற பொருள், இணைப்புகள் வலுப்பெறுவதைப் பற்றி ஹெப் சொன்னதோடும் இசைகிறது.

எனவே இம்மர்ஷனுக்கு ‘மொழித்தோய்வு’, அம்முறைக்குத் ‘தோய்வுக் கல்வி’, சப்மர்ஷனுக்கு ‘மூழ்கடிப்பு’ என்பவை என் பரிந்துரை. பள்ளி நாளில் பாதி புது மொழியிலும் பாதி வீட்டு மொழியிலும் நடக்கும் வகைக்குப் ‘பகுதித் தோய்வு’ எனலாம். ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. பெயர்ச்சொல்லாக வரும்போது ‘தோய்வு’ என்றும், வினையாக வரும்போது ‘குழந்தை ஆங்கிலத்தில் தோய்கிறது’ என்றும் தன்வினையிலேயே எழுத வேண்டும். ‘தோய்த்தல்’ என்று பிறவினையாக்கினால், சில வட்டாரங்களில் அது துணி துவைப்பதைக் குறிப்பதால், ‘குழந்தைகளை ஆங்கிலத்தில் தோய்த்து எடுக்கிறோம்’ என்னும் அறிவிப்பைப் படிப்பவருக்குக் கல்லில் அடிக்கும் ஓசைதான் கேட்கும்.