மரத்துப்போகும் ஊசி ஏன் எரிகிறது?

காசிமேட்டில் தூண்டில் முள் விரலில் ஏறியவர்களும் மீன் வெட்டும்போது கையைக் கிழித்துக்கொண்டவர்களும் தையல் போட்டுத் திரும்பினால், தையலைவிட அதற்கு முன் போட்ட மரத்துப்போகும் ஊசியைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். குத்தியதுகூடப் பரவாயில்லை, மருந்து இறங்கும்போதுதான் உயிர் போயிற்று என்பார்கள். அது மிகச் சரியான கணிப்பு. ஊசிமுனை தரும் வலி ஒன்று. உள்ளே செல்லும் திரவம் தரும் எரிச்சல் வேறொன்று.

பெரும்பாலும் பயன்படும் மருந்து லிக்னோகெய்ன். 1943-இல் ஸ்வீடனில் நீல்ஸ் லோஃப்கிரென் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. கரைந்த நிலையில் கெடாமல் இருப்பதற்காக, அதை அமிலத்தன்மையோடுதான் குப்பியில் அடைக்கிறார்கள். அமிலத்தன்மையைக் காட்டும் எண்ணான பிஎச், உடல் திசுவில் சுமார் 7.4, இரத்தக் கசிவைக் குறைக்க அட்ரினலின் சேர்த்த குப்பியிலோ அது 3.3 முதல் 5.5 வரைதான். பிஎச் ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும் என்பதால், 4.4 உள்ள மருந்து திசுவைவிட ஆயிரம் மடங்கு அமிலமானது.

எரிச்சலோடு இது முடிவதுமில்லை. நரம்பிழையின் கொழுப்புச் சவ்வை மின்னேற்றமில்லாத மூலக்கூறுதான் எளிதில் கடக்கும். கடந்தபின் மின்னேற்றம் பெற்று, சோடியம் செல்லும் வாயிலை உள்ளிருந்து அடைத்து, வலிச் செய்தியை நிறுத்தும். 7.4 பிஎச்-இல் லிக்னோகெய்னில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மின்னேற்றமின்றி இருக்கும். குப்பியின் அமிலத்திலோ அது மிகச் சொற்பம். ஆகவே, திசு அந்த அமிலத்தைச் சமன்செய்யும் வரை மருந்து எரிக்குமே தவிர, மரக்கச் செய்யாது.

இதற்கு மாற்று மலிவானது: 1 சதவீத லிக்னோகெய்ன் 9 மில்லியுடன் 8.4 சதவீத சோடியம் பைகார்பனேட் 1 மில்லி சேர்த்தால் பிஎச் உடலின் அளவை நெருங்கும், எரிச்சலும் வெகுவாகத் தணியும். போடுவதற்குச் சற்று முன்பே கலக்க வேண்டும். கலந்து வைத்திருக்கும் வழக்கம் கூடாது. எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது. மரத்துப்போகச் செய்யும் இன்னொரு மருந்தான புபிவகெய்னில் சேர்த்தால் திரவம் கலங்கிப் படிவு விழுந்துவிடும்.

வேகமும் ஒரு காரணம். விரலின் தோல் இறுக்கமானது; அங்கே மருந்தை விரைந்து தள்ளினால் திசு திடீரென விரிந்து வலிக்கும். 30 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் சுமார் 0.3 மில்லிமீட்டர். மெல்லியது என்பதோடு, அவசரப்படும் கையையும் அது மெதுவாக்கிவிடுகிறது. அதன் பெரிய நன்மை அதுதான் என்பேன். மருந்தை உடல் வெப்பத்துக்குச் சூடாக்குவதும், கிழியாத தோலைக் குத்தாமல் பிளந்த காயத்தின் ஓரம் வழியாக ஊசியைச் செலுத்துவதும், அடுத்த குத்தை ஏற்கெனவே மரத்த இடத்தில் போடுவதும் உதவும். பக்கத்துத் தோலைக் கிள்ளியோ தட்டியோ கொடுப்பது வெறும் கவனத் திருப்பல் அன்று; தொடு உணர்வு தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை மட்டுப்படுத்தும் என்று 1965-இல் வலி ஆய்வாளர்களான ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் முன்வைத்தனர். இடித்துக்கொண்ட முழங்காலை நாம் உடனே தேய்த்துவிடுவதும் இதனால்தான்.

மருந்து பிடித்த பின்னும் நூல் இழுபடுவது தெரியும். வலியைக் கடத்தும் மெல்லிய இழைகள் முதலில் அடைபட, அழுத்தத்தை உணரும் தடித்த இழைகள் சிறிது விழித்திருப்பதே காரணம். மருந்து வேலை செய்யவில்லை என்று அஞ்சிக் கையை இழுக்க வேண்டியதில்லை.