மின்தடை: பேப்பரில் ஒன்று, பாடப்புத்தகத்தில் வேறொன்று

காலையில் பேப்பரைப் பிரித்தால் 'நாளை மின்தடை' என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். செல்லூர், அண்ணாநகர், திருநகர் என்று வரிசையில் நம்ம ஏரியா இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இட்லிக்கு மாவு ஆட்டுவதை இன்றைக்கே முடித்துவிடுவோம். அக்கா மகள் பத்தாவது படிக்கிறாள், தமிழ் மீடியம். அதே சொல்லை அறிவியல் புத்தகத்தில் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "மாமா, மின்தடைன்னா கரண்ட் இல்லைன்னுதானே? இங்க எரியுற பல்போட மின்தடை எவ்வளவுன்னு கேக்குறாங்க. கரண்டே இல்லாம எப்படி எரியும்?"

கேள்வியில் தப்பே இல்லை, தப்பு நம் பக்கம்தான். ரெசிஸ்டன்ஸுக்கும் மின்தடை, பவர் கட்டுக்கும் மின்தடை என்று ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு அனுப்பியிருக்கிறோம். ஒன்றில் கரண்ட் போய்க்கொண்டிருக்கும், சிரமப்பட்டுப் போகும். இன்னொன்றில் சுத்தமாகப் போகாது.

ரெசிஸ்டன்ஸ் என்பதற்கு மூலம் லத்தீன். எதிர்த்து நிற்பது என்று பொருள். அப்படியானால் 'எதிர்ப்பு' என்றுதானே தமிழில் வந்திருக்க வேண்டும்? நோய் எதிர்ப்பு என்கிற இடத்தில் அப்படித்தான் வந்தது. மின்சாரத்துக்கு மட்டும் 'தடை' நிலைத்துவிட்டது, நல்லதுதான் என்பேன். தடு என்ற வினையிலிருந்து வந்த சொல் இது. தடு என்றாலே முழுசாக நிறுத்துவது என்று இல்லை. வைகையில் தடுப்பணை கட்டினால் தண்ணீர் தேங்கும், நிறைந்தால் மேலே வழிந்து போகத்தான் செய்யும். பழைய உரைகளில் 'தடைவிடை' என்று வரும், ஒருவர் ஆட்சேபம் சொல்ல மற்றவர் பதில் சொல்வது. அங்கேயும் தடை வந்ததால் பேச்சு நின்றுவிடுவதில்லை. ஆனால் மதுரைக்காரனிடம் தடை என்று சொன்னால் ஜல்லிக்கட்டும் 2017இல் தமுக்கம் மைதானத்தில் நடந்த போராட்டமும்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும், அது வேற கதை.

என்னைக் கேட்டால் மின்தடையை ரெசிஸ்டன்ஸுக்கே விட்டுவிட்டு, பராமரிப்புக்காக லைனை நிறுத்துவதை 'மின் நிறுத்தம்' என்று எழுதலாம். சில அறிவிப்புகளில் அப்படித்தான் வருகிறது. 'மின்வெட்டு' வேறு, பற்றாக்குறைக்காக மணிக்கணக்கில் வெட்டுவது. ரெசிஸ்டர் என்ற உறுப்புக்கு நம் பாடப்புத்தகத்தில் 'மின்தடையாக்கி', வேறு சிலர் 'மின்தடையம்', இலங்கையில் 'தடையி'. மூன்றெழுத்தில் முடிகிற தடையிதான் எனக்குப் பிடித்தது, கடையில் போய்க் கேட்டால் மட்டும் ரெசிஸ்டர்தான் கிடைக்கும்.

சரி, கணக்கு. 1827இல் ஜெர்மனியில் ஜார்ஜ் சைமன் ஓம் என்கிற வாத்தியார் வெளியிட்டது: மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை. அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கினால் திறன், அதாவது வாட். இரண்டையும் சேர்த்தால், அழுத்தத்தின் வர்க்கத்தைத் திறனால் வகுத்தால் தடை வந்துவிடும். நம் வீட்டு 230 வோல்ட்டின் வர்க்கம் 52,900. 60 வாட் குண்டு பல்புக்கு அதை 60ஆல் வகுத்தால் சுமார் 882 ஓம் (தடைக்கு அலகு அந்த வாத்தியார் பெயர்தான்), 1000 வாட் அயர்ன் பாக்ஸுக்கு 53 ஓம்கூட இல்லை. வாட் கூடினால் தடை குறைகிறது, இதைக் கண்டதும் அவள் திரும்பவும் முழித்தாள். தடை குறைவாக இருந்தால் கரண்ட் நிறைய ஓடும், சூடும் நிறைய வரும், அவ்வளவுதான்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ரிப்பேர் கடை ஒன்றுக்கு எங்கள் அயர்ன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போனோம். மேசை ஓரத்தில் ஒரு பலகை, அதில் ஒரு குண்டு பல்பு, பக்கத்திலேயே பிளக் பாயிண்ட். சீரிஸ் போர்டு என்பார்கள், பாடப்புத்தகத்தில் தொடரிணைப்பு. கரண்ட் பல்பு வழியாகப் போய்த்தான் பெட்டிக்குப் போக வேண்டும். கடைக்காரர் சொருகினார், பல்பு எரியவில்லை. பிளக் பக்கத்தில் வயரைக் கொஞ்சம் மடக்கினார், பளிச்சென்று எரிந்தது, விட்டதும் அணைந்தது. "காயில் நல்லாத்தான் இருக்கு தம்பி, வயரு உள்ள அறுந்திருக்கு." பல்பு எரிந்த நேரத்திலும் பெட்டி சூடாகவில்லை. ஏன் என்று வீட்டில் வந்து கணக்குப் போட்டாள். பல்பு 60 வாட் என்று வைத்துக்கொண்டால் 882ம் 53ம் சேர்ந்து 935 ஓம், ஓடுவது கால் ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு, பெட்டிக்குக் கிடைப்பது 3 வாட் சொச்சம், மீதி 53 வாட் பல்புக்கு. தொடரில் தடை பெரிசாக இருக்கிறவன்தான் திறனைத் தின்கிறான், வீட்டு வயரிங் மாதிரி பக்க இணைப்பில் போட்டால் இது தலைகீழ்.

திறன் என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. பவர் என்பதை நாம் கண்ணாடிக்கும் சொல்வோம், கவுன்சிலருக்கும் சொல்வோம். பாடப்புத்தகத்தில் பவர் திறன், எனர்ஜி ஆற்றல். இலங்கைத் தமிழில் அவை வலு, சக்தி. 'திறம்' என்பதன் இன்னொரு வடிவம்தான் திறன், ஒருவன் எவ்வளவு செய்வான் என்பதைச் சொல்வது. இங்கே எவ்வளவு வேகமாகச் செய்வான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வாட் என்ற அலகுக்கு, நீராவி எஞ்சினை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட்டின் பெயரை 1882இல் முன்மொழிந்தார்கள்.

ஈபி பில்லில் வரும் யூனிட் திறன் இல்லை, ஆற்றல். 1000 வாட் பெட்டி ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் ஒரு யூனிட். "அப்ப ஒரு மணி நேரம் துணி தேச்சா ஒரு யூனிட்டா மாமா?" என்றாள். அவ்வளவு ஆகாது, உள்ளே தெர்மோஸ்டாட் இருக்கிறது, சூடு ஏறியதும் அதுவே கரண்டை நிறுத்திவிடும், ஆறியதும் மறுபடி விடும். "அப்ப அதுவும் மின்தடைதானே?" என்று சிரிக்கிறாள்.