அன்டிசிக்லோன்: புயலா, புயலுக்கு எதிரா?

ஜூலை எங்கள் மொரீஷியஸுக்குக் குளிர்காலம்; மேட்டுநில ஊரான க்யூர்பீப் பக்கம் ஸ்வெட்டர் இல்லாமல் தலைகாட்ட முடியாது. ரேடியோவில் "அன்டிசிக்லோன்" என்றால் எங்கள் பாட்டி காதில் பின்பாதியான 'சிக்லோன்', அதாவது புயல், மட்டும்தான் விழும். 1960ல் கரோல் புயலைப் பார்த்தவர். உடனே ஜன்னலைச் சாத்தச் சொல்வார். ஆனால் இது புயலே இல்லை; காற்றழுத்தம் கூடிய ஒரு பெரிய சுழல்.

'சைக்ளோன்' என்ற பெயரை வைத்தவர் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன். 1848ல் வந்த அவர் நூல் அதைப் பரப்பியது. பாம்புச் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்தான் மூலம். அவர் ஆராய்ந்த கப்பல்களில் ஒன்று 1845ல் எங்கள் மொரீஷியஸிலிருந்து கிளம்பி, புயலில் மாட்டி, நாள்கணக்கில் வட்டமடித்த 'சார்லஸ் ஹெட்டில்'. அப்புறம் 1863ல் ஆங்கிலேய அறிஞர் ஃபிரான்சிஸ் கால்டன், ஐரோப்பிய வானிலைப் படங்களில் காற்று எதிர்த்திசையில் சுழல்வதைக் கண்டு, முன்னால் 'ஆன்டி' ஒட்டினார்.

சுழற்சி மட்டுமா எதிர்? புயலில் காற்று மேலே ஏறும். இதில் கீழே இறங்கும். இறங்க இறங்க அழுந்திச் சூடாகி உலர்வதால் மேகம் கூடாது. அப்படியானால் க்யூர்பீப்பில் ஏன் தூறல்? சுழலின் நடு எங்களுக்குத் தெற்கே, வெகு தூரத்தில். அதன் வடக்கு விளிம்பில் தென்கிழக்கிலிருந்து வீசும் அலிஸே காற்று (வாணிபக் காற்று) குளிரையும் கடல் ஈரத்தையும் சுமந்து வந்து மேட்டுநிலத்தில் மோதுகிறது. அதே நேரம் மலைக்கு மறுபக்கம் போர்ட் லூயிஸில் வெயில்!

இந்தச் சுழலுக்கு எங்கள் தீவுக்கூட்டத்தின் பெயர்தான்: மஸ்கரீன் உயரழுத்தம். அதிலிருந்து கிளம்பும் காற்று பூமத்திய ரேகையைத் தாண்டித் திரும்பி, தென்மேற்குப் பருவக்காற்றாகிறது. அம்மியைப் பறக்கவிடும் ஆடிக்காற்றுக்கும் குற்றாலச் சாரலுக்கும் இங்கேயும் ஒரு வேர் உண்டு என்றால் ஊர்க்காரர்கள் நம்புவார்களோ என்னவோ.

சரி, தமிழில்? 'எதிர்ப்புயல்', 'எதிர்ச்சூறாவளி' இரண்டும் பாட்டியின் பயத்தையே வளர்க்கும். பழந்தமிழில் புயல் என்றால் மேகம். மேகமில்லாத வானத்துக்கு அது இன்னும் பொருந்தாது. என் தேர்வு 'எதிர்ச்சுழல்'. திசை சொல்ல வலஞ்சுழி (கடிகார முள் திசை), இடஞ்சுழி (அதற்கு எதிர்) இருக்கவே இருக்கின்றன: வங்கக்கடல் புயல் இடஞ்சுழி, பூமத்திய ரேகைக்குத் தெற்கே என்பதால் எங்கள் புயல் வலஞ்சுழி. ஆகவே மஸ்கரீன் எதிர்ச்சுழல், இடஞ்சுழி.