மேலே இருப்பது தெரிந்தும் கை ஏன் கீழே போகிறது?

தண்டையார்பேட்டையில் இ-சேவை மையம் நடத்தும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “கடையில ரெண்டு சிஸ்டம். புதுசுல சர்டிஃபிகேட் டவுன்லோடு ஆனா மேல ரைட்ல வருது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் மவுஸ் கீழ லெஃப்ட்டுக்குத்தான் போவுது. ஜனங்க க்யூல நிக்கும்போது எரிச்சலா வருது. அப்பாவும் கடையில உக்காருவாரு. வயசாயிடுச்சு, புதுசெல்லாம் இனி மண்டையில ஏறாதுன்னு அந்த சிஸ்டத்தத் தொடறதே இல்ல. எனக்கு மறதியா, இல்ல எல்லாருக்கும் இப்படித்தானா?”

எல்லாருக்கும் இப்படித்தான். மறதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் என்ன மாறியது என்று பார்த்துவிடலாம். குரோம் பிரவுசரில் எந்த ஃபைலை இறக்கினாலும் திரையின் அடியில் ஒரு பட்டை எழும்பும், புதிய ஃபைல் அதன் இடது ஓரத்தில் உட்காரும். பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. 2023இல் கூகுள் அந்தப் பட்டையை எடுத்துவிட்டு, முகவரிப் பட்டைக்குப் பக்கத்தில், மேலே வலது புறம், அம்புக்குறி போட்ட ஒரு சின்ன ஐகானை வைத்தது. திரையின் ஒரு மூலையிலிருந்து நேர் எதிர் மூலைக்கு இடமாற்றம். வாசகியின் பழைய கணினியில் ஓடுவது விண்டோஸ் 7. அதில் குரோமின் 109ஆம் பதிப்போடு புதுப்பித்தல் நின்றுவிட்டது. 2023 பிப்ரவரியில் வந்த 110க்கு விண்டோஸ் 10 வேண்டும். ஆகவே ஒரே கடையில் ஒரு மேசையில் பழைய பட்டை, அடுத்த மேசையில் புதிய ஐகான். கோளாறின் பாதி இந்த இரண்டு மேசைகளில் இருக்கிறது.

‘தெரிவது’ ஒரு நினைவு, ‘கை செய்வது’ வேறொரு நினைவு. இதை உலகுக்குக் காட்டியவர் ஹெச்.எம். என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடும் ஹென்றி மொலைசன். வலிப்பு நோய்க்காக 1953இல் செய்த அறுவை சிகிச்சையில் மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியின் பெரும்பங்கை இழந்தவர். அதன்பின் புதிதாக எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து அதன் ஓரத்தை வரையச் சொன்னார். மூன்று நாளில் கை தேறிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் அவர் அந்த வேலையை முதல்முறை பார்ப்பவர் போலவே உட்கார்ந்தார். அவருக்குத் தெரியவில்லை, கைக்குத் தெரிந்தது. நம் வாசகிக்குத் தெரிந்திருக்கிறது, கைக்குத் தெரியவில்லை.

இனி வருவதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. மவுஸை நகர்த்தும்போது நாம் கண்ணால் பார்த்துப் பார்த்துக் கையை ஓட்டுவதாக நினைக்கிறோம். அப்படி இல்லை. 1899இல் ராபர்ட் வுட்வொர்த் என்பவர் மிக எளிமையான ஒரு சோதனை செய்தார். மெட்ரோனோம் கருவியின் தாளத்துக்கு ஏற்பக் காகிதத்தில் ஒரே நீளத்துக்குக் கோடு போட வேண்டும், ஒரு முறை கண்ணைத் திறந்துகொண்டு, ஒரு முறை மூடிக்கொண்டு. தாளம் மெதுவாக இருக்கையில் கண் திறந்தவரின் கோடு நன்றாக வந்தது. நிமிடத்துக்கு 140 கோடு என்ற வேகத்தை எட்டியபோது கண் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் பிழை ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. பார்த்துத் திருத்துவதற்குக் கண்ணுக்கு நேரம் வேண்டும். அந்த நேரம் கிடைக்காவிட்டால் கை தனியாகத்தான் போகிறது. இதிலிருந்து வுட்வொர்த் கையின் ஒவ்வொரு அசைவையும் இரண்டு கட்டமாகப் பிரித்தார். முதல் கட்டம் ஓர் உந்தல், இரண்டாவது கட்டம் திருத்தம்.

உந்தல் என்பது கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவது போன்றது. புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் கேரம் கிளப்பில் நிற்கும் எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான்: விரலை விட்டுக் கிளம்பிய பிறகு ஸ்ட்ரைக்கரை ஒன்றும் செய்ய முடியாது; திசை, வேகம், தெறிக்கும் கோணம் எல்லாம் சுண்டுவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. கையும் அதேபோல்தான் கிளம்புகிறது. தசைகளில் மின்முனை ஒட்டிப் பார்த்தால் இது அப்பட்டமாகத் தெரியும். தள்ளும் தசையில் முதலில் ஒரு துடிப்பு. அடுத்து அதற்கு எதிரான தசையில் ஒரு துடிப்பு, அதுதான் பிரேக். பிறகு தள்ளும் தசையில் மறுபடி ஒரு சிறு துடிப்பு, ஆட்டமில்லாமல் நிற்பதற்கு. எங்கே கிளம்புவது, எவ்வளவு தூரம், எங்கே பிரேக் போடுவது என்ற மொத்தக் கணக்கும் மவுஸ் ஒரு பிக்சல் நகர்வதற்குள் போடப்பட்டுவிடுகிறது. உந்தல் பெரும்பாலும் இலக்குக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும். மிச்ச தூரத்தைக் கண் பார்த்துத் திருத்திக் கொடுக்கும்.

உந்தலுக்கான திசையும் தூரமும் பழக்கத்திலிருந்து வருகின்றன. வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதார், மின்கட்டண ரசீது என்று நாள் முழுக்க இறக்கி இறக்கி, ‘டவுன்லோடு ஆனது, கீழே இடது’ என்பது ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டுவிட்டது. ஐகான் இடம் மாறினால் பொட்டலம் பழைய முகவரிக்கே போகிறது. அங்கே போனபிறகு கண் திருத்தப் பார்க்கிறது; திருத்த அங்கே எதுவும் இல்லை. இப்போது கை நிற்க வேண்டும், கண் திரை முழுக்கத் தேட வேண்டும். கண் நொடிக்கு மூன்று நான்கு தாவல்தான் தாவும். அரை நொடி, ஒரு நொடி அதிலேயே போய்விடுகிறது. பிறகு மூலைக்கு மூலை திரும்பி வர வேண்டும். 1366×768 திரையில் அந்த மூலைவிட்டம் ஏறக்குறைய 1,570 பிக்சல்.

புதிய இடம் பழகிவிட்டால் பழையது அழிந்துவிடுமா? அழியாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியலின் குழு, கோடியில் பரிசு வைத்த ‘டி’ வடிவப் பாதையில் எலிகளை ஓடவிட்டு, மூளையில் பேசல் கேங்லியா என்ற பகுதியின் நரம்பு செல்களைப் பதிவு செய்தது. பழகாத எலியில் ஓட்டம் முழுக்க செல்கள் துடிக்கும். பழகியபின் ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் துடிக்கும், நடுவில் அமைதி. மேலே பொட்டலம் என்று சொன்னது இதைத்தான். பரிசை நிறுத்தியபோது அந்தத் துடிப்பின் வடிவம் மெல்ல மறைந்தது. பரிசைத் திரும்ப வைத்ததும் சட்டென்று மீண்டு வந்துவிட்டது. 2005இல் வெளியான முடிவு இது. பழைய பழக்கம் மூடிவைக்கப்படுகிறது, பழைய சூழ்நிலை திரும்பினால் மூடி திறந்துகொள்கிறது.

வாசகியின் கடையில் அந்த மூடி தினமும் திறக்கிறது. காலையில் விண்டோஸ் 7 மேசை, பிற்பகலில் புதிய மேசை. ஒரே மேசையில் இருப்பவருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும் தடுமாற்றம் இவருக்கு நீண்டுகொண்டே போவது இதனால்தான்.

தீர்வு, இரண்டு மேசைக்கும் பொதுவான மூன்றாவது பழக்கத்தை உண்டாக்குவது. குரோமில் கன்ட்ரோல் + ஜே அழுத்தினால் டவுன்லோடு பட்டியல் முழுப் பக்கமாகத் திறக்கும், 109லும் சரி, இன்றைய பதிப்பிலும் சரி. முகவரிப் பட்டைக்கு கன்ட்ரோல் + எல், தவறி மூடிய டேபைத் திரும்பப் பெற கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி, அச்சிட கன்ட்ரோல் + பி, முந்தைய பக்கத்துக்கு ஆல்ட் + இடது அம்பு. தோற்றத்தை மாற்றுபவர்கள் விசைகளில் லேசில் கை வைப்பதில்லை. முதல் நாள் ஒன்று மட்டும் போதும், கன்ட்ரோல் + ஜே. அது கேட்காமலே விரலில் வந்தபிறகு அடுத்தது. ஐந்தையும் ஒரே நாளில் பிடித்தால் ஒன்றோடொன்று குழம்பும், பழையபடி மவுஸுக்கே போய்விடுவோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன விண்டோஸ் 7 மேசையில் மக்களின் ஆதாரும் வங்கிக் கணக்கும் போகக் கூடாது. தட்டச்சு, ஸ்கேன் வேலைகளோடு அதை நிறுத்திக்கொண்டு இணைய வயரைக் கழற்றிவிடலாம். கைத் தடுமாற்றமும் அதோடு தீரும். எந்த மேசையானாலும் கடை மூடும்முன் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் அடுத்தவர் சான்றிதழ்களை ஷிஃப்ட் + டெலீட் கொடுத்து அழித்துவிடுங்கள்.

பழக்கத்தால் வரும் எரிச்சலைப் பற்றி இதுவரை பார்த்தோம். இது காலத்தால் ஆறும். ஆறாத வகை ஒன்று இருக்கிறது, அதையும் இதோடு சேர்த்து ‘போகப் போகப் பழகிவிடும்’ என்று தள்ளுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

1954இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரத்துக்கு ஒரு விதி கண்டார். இன்று பயன்படும் வடிவத்தில், தூரத்தை இலக்கின் அகலத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, இரண்டின் அடிமான மடக்கை (லாக்) எடுங்கள். வருவது அந்த வேலையின் கடினம், பிட் கணக்கில். நல்ல மவுஸில் ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 0.1 நொடி. பழைய பட்டையில் ஃபைல் பெயர் 200 பிக்சல் அகலம், மவுஸ் 600 பிக்சல் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 2 பிட். அதே தூரத்தில் 30 பிக்சல் ஐகான் என்றால் 4.4 பிட். ஒவ்வொரு முறையும் கால் நொடி கூடுதல். எத்தனை வருடம் பழகினாலும் இந்தக் கால் நொடி போகாது, ஏனென்றால் அது ஐகானின் அளவில் இருக்கிறது. போதாததற்கு, டவுன்லோடு முடிந்ததும் விரியும் சிறு பெட்டி சில நொடியில் தானே மூடிக்கொள்ளும். அதற்குள் பிடித்தால் ஒரு கிளிக், விட்டால் இரண்டு.

2021 ஜூனில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் 89ஆம் பதிப்பு வந்தபோது எழுந்த புகார்களிலும் இரு வகையும் கலந்திருந்தன. டேப் வட்டமாக, பொத்தான் போல் மாறியது முதல் வகை. இன்று அதை யாரும் நினைப்பதில்லை. டேப் வரிசையின் உயரம் கூடியது இரண்டாம் வகை. 768 பிக்சல் உயரத் திரையில் விண்டோஸ் 10இன் கீழ்ப்பட்டைக்கு 40 போய்விடும். மிச்சத்தில் பிரவுசர் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு பத்து பிக்சலும் விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரியின் பாதி. நெருக்கமான தோற்றத்தை மெனுவிலிருந்து மறைத்தும் விட்டார்கள். அது வேண்டுமானால் ஃபயர்ஃபாக்ஸ் முகவரிப் பட்டையில் அபவுட்:கான்ஃபிக் என்பதை ஆங்கிலத்தில் அடித்து, பிரவுசர்.காம்பேக்ட்மோடு.ஷோ என்ற மதிப்பை ட்ரூ ஆக்குங்கள். பிறகு டூல்பாரை மாற்றியமைக்கும் பக்கத்தின் அடியில், டென்சிட்டி பட்டியலில் காம்பேக்ட் வந்திருக்கும்.

அதே 2021இல் ஆப்பிள் ஐபோனின் சஃபாரி பிரவுசரில் முகவரிப் பட்டையைக் கீழே இறக்கியது. சோதனைப் பதிப்பிலேயே கடும் எதிர்ப்பு. செப்டம்பரில் முழுப் பதிப்பு வந்தபோது, பட்டையை மேலேயே வைத்துக்கொள்ளும் வசதியும் சேர்ந்து வந்தது. பெரிய போனில் கட்டைவிரலுக்குக் கீழ்ப்பகுதிதான் எட்டும் என்பதால் கீழே இறக்கியதில் நியாயம் இருந்தது. பழையதைப் பூட்டியதில் இல்லை.

மாற்றம் எல்லாமே தவறு என்று நான் சொல்லவில்லை. பேக்ஸ்பேஸ் விசை முந்தைய பக்கத்துக்குக் கொண்டுபோவதை குரோம் 2016இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2021இலும் நிறுத்தின. எழுத்தை அழிப்பதாக நினைத்து அழுத்தினால், நிரப்பிய படிவம் மொத்தமும் போய்விடும் என்பதுதான் காரணம். அப்போதும் கோபப்பட்டார்கள். ஆனாலும் அந்த முடிவு சரி.

அப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். வயதானால் கணினி வராது என்பது அசல் மூடநம்பிக்கை. வயது கூடக் கூடப் பழகும் வேகம் குறையும், பழகும் திறன் நிற்பதில்லை. உண்மையில் குறைவது வெளிச்சம்: கண்ணின் லென்ஸ் மஞ்சளித்து, பாவையும் சுருங்குவதால், 60 வயதில் விழித்திரையை எட்டும் ஒளி 20 வயதில் எட்டியதில் மூன்றில் ஒரு பங்குதான். வெளிர்சாம்பல் பின்னணியில் சாம்பல் ஐகான் வைத்தால் மகளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி எழுத்துக்கு 4.5:1, ஐகானுக்கு 3:1 என்று ஒளி வேறுபாட்டின் குறைந்தபட்ச அளவைச் சொல்லியிருக்கிறது. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் அளவை 125 சதவீதம் ஆக்கி, குரோமில் அடர்நிறத் தீம் ஒன்றைப் போட்டு, ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாதபடி மானிட்டரைத் திருப்பி வைத்துவிட்டு அவரை உட்காரச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் அளக்கக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். ஒரு ஸ்டாப்வாட்சும் ஒரு கேமராவும், திருவொற்றியூரிலோ ராயபுரத்திலோ உள்ள பத்து சேவை மையங்களில் உட்காரப் பொறுமையுள்ள நான்கு மாணவர்களும் போதும். அரசு இணையதளங்களுக்கான ஒவ்வொரு டெண்டரிலும் இதற்கென்று ஒரு தொகை ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகி தன் கடையிலேயே தொடங்கலாம். ஒரே சான்றிதழை இறக்கித் திறப்பதை, கடை திறந்ததும் ஐந்து முறை செய்து, போன் ஸ்டாப்வாட்சில் நேரத்தைப் பார்த்து, ஐந்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் நேரத்தை நோட்டில் எழுதுங்கள். முதலில், இணைய வயரைக் கழற்றும்முன், பழைய மேசையில் ஒரு நாள். பிறகு மூன்று வாரம், புதிய மேசையில் மட்டும். முதல் சில நாளில் நேரம் மளமளவென்று இறங்கும், பிறகு மெதுவாக. பழைய மேசையில் ஆன நேரத்தை எட்டிவிட்டால் அது வெறும் பழக்கம். அதற்கு மேலேயே நின்றுவிட்டால் குறை வடிவமைப்பில்தான். அப்போது குரோமில் ஆல்ட் + ஷிஃப்ட் + ஐ அழுத்துங்கள், புகார்ப் பெட்டி திறக்கும். ‘பிடிக்கவில்லை’ என்று மட்டும் எழுதாமல், திரையின் அளவு, முன்பு எத்தனை கிளிக், இப்போது எத்தனை, முன்பு எத்தனை நொடி, இப்போது எத்தனை என்று எழுதி, ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்து அனுப்புங்கள். படத்தில் அடுத்தவர் ஆதார் எண் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.